தன்பாலினத் திருமணம்: அவைக்குள் நுழையாத விவாதம்

புதுதில்லி: வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் மக்களவையின் பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே இருக்கும். தனிநபர் மசோதாக்களுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டரை மணி நேரம் அது. சொந்தத் தொகுதிக்குப் புறப்படும் அவசரத்தில் உறுப்பினர்கள் பலர் அதற்குள் அவையை விட்டு வெளியேறியிருப்பர். மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருவதும், குரல் வாக்கெடுப்பில் அவை அனுமதி அளிப்பதும் சம்பிரதாயமாக நடந்து முடியும்.

2015 டிசம்பர் 18-ம் தேதி அந்தச் சம்பிரதாயம் மீறப்பட்டது. திருவனந்தபுரம் காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைத் திருத்தும் மசோதாவை அறிமுகம் செய்ய எழுந்தார். வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்பதே அதன் சாரம். அறிமுகத்துக்கே எதிர்ப்பு கிளம்பியதால் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 24 பேர், எதிராக 71 பேர். ஒருவர் நடுநிலை வகித்தார். 2016 மார்ச் 11-ம் தேதி தரூர் மீண்டும் முயன்றபோது ஆதரவு 14 ஆகக் குறைந்தது; எதிர்ப்பு 58. மசோதாவின் உள்ளடக்கம் குறித்து ஒரு வரிகூட விவாதிக்கப்படவில்லை.

உறவைக் குற்றமற்றதாக்கும் மசோதாவுக்கே இந்த நிலை என்றால், திருமணத்தை அங்கீகரிக்கும் மசோதாவின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹாங்காங்கில் 71

2025 செப்டம்பர் 10-ம் தேதி ஹாங்காங் சட்டமன்றத்தில் தன்பாலின இணையர்களின் உறவைப் பதிவு செய்வதற்கான மசோதா தோற்கடிக்கப்பட்டது. அங்கும் எதிராக விழுந்த வாக்குகள் 71 என்பது தற்செயலான ஒற்றுமை. ஆதரவாக 14 பேர் மட்டுமே வாக்களித்தனர். மாற்று ஏற்பாடு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என 2023-ல் அந்நகரின் உச்ச நிலை நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. அதன்படி அரசே கொண்டுவந்த மசோதாவைத்தான் சட்டமன்றம் நிராகரித்தது.

இந்தியாவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் நிலவுகிறது. இங்கு நீதிமன்றம் சட்டமன்றத்தைக் கைகாட்டுகிறது; சட்டமன்றமோ மௌனம் காக்கிறது.

நீதிமன்றம் காட்டிய வழி

377-வது பிரிவு செல்லும் என்று 2013 டிசம்பர் 11-ம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதை நீக்குவது பற்றி நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்றது. நாடாளுமன்றம் பரிசீலிக்க மறுத்ததை மேற்கண்ட இரு வாக்கெடுப்புகளும் காட்டுகின்றன. இறுதியில் 2018 செப்டம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வே மனமொத்த உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விடுவித்தது.

திருமண விவகாரத்திலும் அதே பாதை திரும்பியது. 2022 ஏப்ரல் 1-ம் தேதி தேசியவாத காங்கிரஸ் உறுப்பினர் சுப்ரியா சுலே, சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தும் தனிநபர் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 2024 ஜூனில் 17-வது மக்களவை கலைக்கப்பட்டபோது தானாகக் காலாவதியானது.

அதற்கிடையே விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. "இரண்டு நீதிபதிகள் அமர்ந்து முடிவு செய்யும் விஷயமல்ல இது, நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும்" என்ற கருத்தை 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் எழுப்பியவர் பாரதிய ஜனதாவின் சுசில் குமார் மோடி. தன்பாலினத் திருமணத்தை எதிர்த்துப் பேசியவர் அவர். ஆனால் விவாதம் தேவை என்ற அளவில் அவரது வாதத்தை ஆதரவாளர்களும் மறுக்க இயலாது.

2023 அக்டோபர் 17-ம் தேதி வெளியான தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் அளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். சிறப்புத் திருமணச் சட்டத்தின் வாசகங்களை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்பதிலும் வேறுபாடு இல்லை. பதிவு செய்யத்தக்க இணைவு உரிமை உண்டு என்ற தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கவுல் ஆகியோரின் கருத்து மற்ற மூவரின் பெரும்பான்மை முடிவால் தோற்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9-ம் தேதி தள்ளுபடியாயின.

அந்த வழக்கில் மத்திய அரசு முன்வைத்த முக்கிய வாதம், சுமார் 160 சட்டப் பிரிவுகள் பாதிக்கப்படும் என்பது. வாரிசுரிமை, ஜீவனாம்சம், தத்தெடுப்பு என ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருக்கும் என்பது உண்மையே. நீதிமன்றத்தால் ஆகாத அந்த வேலையைச் செய்யத்தான் நாடாளுமன்றக் குழுக்களும் சட்டப்பேரவைகளும் இருக்கின்றன.

ஆந்திரத்தின் பதில் கடிதம்

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் திருமணமும் மணவிலக்கும் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அதாவது நாடாளுமன்றம் மட்டுமன்றி மாநில சட்டப்பேரவைகளும் சட்டம் இயற்றலாம். இதனால்தான் வழக்கு விசாரணையின்போது, 2023 ஏப்ரலில், மாநிலங்களின் கருத்தை மத்திய அரசு கேட்டது. மே மாதத்தில் நீதிமன்றத்திடம் தெரிவிக்கப்பட்டபடி பதில் அனுப்பியவை ஏழு மாநிலங்கள். ராஜஸ்தான், அசாம், ஆந்திரம் ஆகிய மூன்றும் எதிர்ப்புத் தெரிவித்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் ஆகியவை கூடுதல் அவகாசம் கேட்டன.

பல்வேறு மதத் தலைவர்களைக் கலந்தாலோசித்ததாகக் கூறிய அன்றைய ஆந்திர அரசு, அதன் அடிப்படையில் தனது எதிர்ப்பைப் பதிவு செய்தது. அது அரசின் கடிதம். சட்டப்பேரவையின் தீர்மானம் அன்று. மாநிலத்தில் 2024 ஜூனில் ஆட்சி மாறிய பின்னும் நிலைமை மாறவில்லை.

ஆனால் வாழ்க்கை காத்திருக்கவில்லை. விஜயவாடாவில் சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களில் ஒருவரை, அவரது தந்தை வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக மற்றவர் ஆள்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2024 டிசம்பரில் அதை விசாரித்த ஆந்திர உயர் நீதிமன்றம், வயது வந்தவர் தமது துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏற்று இருவரையும் சேர்ந்து வாழ அனுமதித்தது. பெற்றோர் தலையிடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2025 மே மாதம், வேலூர் மாவட்டத்தில் பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்ட இளம்பெண் தொடர்பான வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

எல்லைக்கு இருபுறமும்

ஆந்திரத்தின் சித்தூரும் தமிழகத்தின் வேலூரும் அடுத்தடுத்த மாவட்டங்கள். சித்தூர் மாவட்டத்தில், நகரி தொகுதிக்கு உட்பட்ட விஜயபுரம் தமிழக எல்லையை ஒட்டிய பகுதி. 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நகரியும் விஜயபுரமும் ஆந்திரத்திலேயே தங்கின. இருபுறமும் இன்றும் பெண் கொடுத்து, பெண் எடுக்கின்றனர்.

எனினும் திருமணச் சட்டம் இருபுறமும் ஒன்றல்ல. புரோகிதரும் சடங்குகளும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967-ல் சட்டப்பேரவையில் இந்து திருமணச் சட்டத்துக்கு 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. முன்பே அவ்வாறு மணந்தோருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் வந்த அந்தத் திருத்தம் தமிழகத்துக்கானது. திருத்தணியில் பொருந்தும் அது விஜயபுரத்தில் பொருந்தாது.

நீதிமன்றம் செல்லாது என்றதை ஒரு மாநில சட்டப்பேரவை செல்லும் என்றாக்கிய முன்னுதாரணம் இது. ஆயினும் தன்பாலினத் திருமணத்துக்கு எந்த மாநிலமும் இதுவரை அவ்வாறு சட்டம் இயற்றவில்லை.

விளைவு நடைமுறையில் கடுமையானது. நகரியின் விசைத்தறிக் கூடங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் இரு பெண்கள் சேர்ந்து வாழ்ந்து, ஒருவர் பெயரில் வீடு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத அவரது சொத்து பெற்றோருக்கோ அவர்கள் வழி உறவினருக்கோ செல்லும். உடன் வாழ்ந்தவருக்குச் சட்டத்தின் பார்வையில் பாத்தியதை இல்லை. அரசு ஊழியராயின், குடும்ப ஓய்வூதியமும் கருணை அடிப்படை வேலையும் துணைக்குக் கிட்டாது.

2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக, இணையர்களை ஒரே ரேஷன் அட்டையில் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நியமனதாரராகக் குறிப்பிடலாம் என விளக்கங்கள் வெளியாயின. இவை பயனுள்ளவையே. ஆனால் சுற்றறிக்கையால் வந்த சலுகையை இன்னொரு சுற்றறிக்கை பறித்துவிடலாம். ரேஷன் அட்டை வழங்குவதும் மாநில அரசின் பொறுப்பு.

தோற்றபின் வென்ற நியூயார்க்

அமெரிக்காவின் நியூயார்க் மாநில செனட் சபையில் 2009 டிசம்பர் 2-ம் தேதி தன்பாலினத் திருமண மசோதா 24-க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தனர் என்பது வாக்காளர்களுக்குத் தெரிந்தது. அப்போது எதிர்த்த சிலர் உள்பட 33 பேரின் ஆதரவுடன் 2011 ஜூன் 24-ம் தேதி அதே அவையில் மசோதா நிறைவேறியது. எதிராக 29 பேர்.

இந்தியாவில் அத்தகைய தோல்விக்குக்கூட வாய்ப்பு அமையவில்லை. மக்களவையின் 545 இடங்களில் 2015 வாக்கெடுப்பில் பங்கேற்றோர் 96 பேர். 2016-ல் 73 பேர். திருமணம் குறித்து வாக்கெடுப்பு நடந்ததே இல்லை. மதத் தலைவர்களைக் கேட்டு அரசு எழுதிய ஒரு கடிதத்தைத் தவிர, விஜயபுரத்து வாக்காளரின் பிரதிநிதிகள் இதில் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதற்கு அவைக் குறிப்பில் பதிவு கிடையாது.