ஊர் அறக்கட்டளைப் பணத்தில் ஊர்ச் செய்தி: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பத்திரிகைகள் மறைந்துவிட்டன. பெரும்பாலானவை சிற்றூர் வார இதழ்கள். மிச்சமிருப்பவற்றுக்குக் கைகொடுக்க, சமுதாய அறக்கட்டளைகள் முன்வருகின்றன. அதையொட்டி எழும் சில சந்தேகங்கள்:

சமுதாய அறக்கட்டளை என்றால்? ஏதாவது கோடீஸ்வரக் குடும்பத்தின் டிரஸ்ட்டா?

இல்லை. ஓர் ஊர்க்காரர்கள் பலர் தரும் நன்கொடையையும் எழுதிவைக்கும் சொத்தையும் திரட்டி, முதலீடு செய்து, வருமானத்தை அந்த ஊருக்கே செலவிடும் பொது அமைப்பு. முதலாவது, 1914-ல் கிளீவ்லாந்தில் தொடங்கியது.

பத்திரிகை லாபத்துக்கு நடக்கும் தொழில். அதற்கு எதற்கு தர்மப் பணம்?

நியாயமான கேள்விதான். 'சியாட்டில் டைம்ஸ்' ஒரு குடும்பத்தின் கையில் உள்ள நாளிதழ். 2013-ல் அது பள்ளிக் கல்விக்கென்றே 'எஜுகேஷன் லேப்' என்ற செய்திப் பிரிவைத் தொடங்கியது. பின்னர் வீடற்றோர் பிரச்சினைக்கும் அப்படி ஒரு பிரிவு வந்தது. இவற்றுக்கு வெளியிலிருந்து நன்கொடை வருகிறது. இத்தகைய நிதியை சியாட்டில் அறக்கட்டளை வழியாகத் தரலாம். பணம் குறிப்பிட்ட வேலைக்கு; முதலாளிக்கு அல்ல.

பிலடெல்பியாவில் இன்னும் துணிந்துவிட்டார்கள். 1829-ல் பிறந்த 'இன்குவைரர்' நாளிதழின் உரிமையாளர் ஜெரி லென்ஃபெஸ்ட், 2016-ல் பத்திரிகையையே பிலடெல்பியா அறக்கட்டளையின்கீழ் இயங்கும் ஒரு நிறுவனத்துக்குத் தானமாகக் கொடுத்தார், கூடவே 2 கோடி டாலரும்.

காசு கொடுப்பவர் சொல்வதைத்தானே எழுதுவார்கள்?

சியாட்டிலில், எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பதெல்லாம் ஆசிரியர் குழுவின் முடிவு. நன்கொடையாளருக்கு அதில் இடமில்லை. இத்தகைய நிபந்தனையை எழுத்தில் வைக்காத, கொடுத்தவர் பெயரை வெளியிடாத பத்திரிகையைச் சந்தேகிப்பதில் தப்பே இல்லை.

ஆனால், செய்தியைத் திருத்தச் சொல்லும் நன்கொடையாளரைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஆபத்து வேறு. கல்விக்குக் கொடுக்க ஆள் உண்டு. கீழ்நீதிமன்றத்தில் தினமும் நடப்பதைப் போய் எழுத யார் கொடுப்பார்? நகரத்தின் பெரிய மனிதர்கள் அமர்ந்திருக்கும் அந்த அறக்கட்டளையையே யார் விசாரிப்பார்? குறிப்பிட்ட தலைப்புக்கென்று கட்டாமல், பொதுவாக நிருபர் சம்பளத்துக்குக் கொடுக்கும் பணமே மேல்.

தேர்தலில் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எழுதலாமா?

வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனமாகவே மாறிய பத்திரிகை எழுத முடியாது. 2019-ல் அப்படி மாறிய 'சால்ட் லேக் டிரிப்யூன்' அதைக் கைவிட்டது. இன்குவைரர் சட்டப்படி தனி நிறுவனம் என்பதால் தொடர்கிறது.

சாதாரண ஜனங்களுக்கு இதில் என்ன வேலை?

கிளீவ்லாந்தில் பயிற்சி பெற்ற குடிமக்கள், நிருபர் எட்டிப்பார்க்காத நகராட்சிக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அதற்குக் கூலியும் உண்டு. யார் என்ன கேட்டார், எந்த ஒப்பந்தம் தள்ளிப்போனது என்ற குறிப்பு எல்லோருக்கும் இலவசம். அறக்கட்டளைகள் செலவிடும் பணத்தில் இதுதான் உருப்படியான செலவு என்பேன்.

மானியம் நின்றுபோனால்?

பெரும்பாலும் அது சில ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் சந்தாவும் சிறு நன்கொடைகளும் பெருகாவிட்டால், சேர்த்த நிருபரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.