பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம், சென்னையில் ஓர் இரவு

பலாலி விமான நிலையம் தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது. துர்க்கையம்மன் கோயிலடியில் ஓட்டோ பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையில் இருந்து சென்னைக்கு விட்டபோது அது இந்த ஓடுபாதையில் இறங்கித்தான் போனது. போர் அந்தத் தொடர்பை அறுத்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கொரோனாவால் சேவை நின்றுபோய், 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானம் வந்தது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இண்டிகோ சென்னைச் சேவையையும், 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிச் சேவையையும் தொடங்கியது. 78 பேர் இருக்கக்கூடிய சிறிய ஏ.டி.ஆர். விமானம், சென்னையில் இருந்து ஒன்றேகால் மணி நேரப் பறப்பு.

கட்டுநாயக்கவில் இறங்கி, வான் பிடித்து, எட்டு ஒன்பது மணி நேரம் இடுப்பு நோக ஓடிவர வேண்டியதில்லை என்பது லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஊரில் இருந்து பிள்ளைகளிடம் போகும் தாய் தகப்பனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல். ஆனால் இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. பலாலி விமானம் பகலில்தான் பறக்கிறது. பிற்பகலில் வந்து, மாலைக்குள் திரும்பிப் போய்விடும். ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்களில் பெரும்பாலானவை சென்னையில் இருந்து இரவிலோ அதிகாலையிலோதான் கிளம்புகின்றன. லண்டனில் இருந்து வருபவர் விடியுமுன் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கி மத்தியானம் தாண்டும்வரை காத்திருக்கிறார். போகும்போது மாலையில் இறங்கி மறுநாள் விடியும்வரை காத்திருக்கிறார். அந்த இரவை எங்கே கழிப்பது, அதற்கு எவ்வளவு முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலிவான அறை கிடைக்குமா என்பது சென்னையில் இறங்கிய பிறகு தீர்மானமாவதில்லை. டிக்கெட் எடுக்கும் நிமிடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. பலாலியில் இருந்து கடைசி ஊர்வரை ஒரே முன்பதிவில் டிக்கெட் இருந்தால், நடுவில் ஏதும் பிசகினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இண்டிகோவே சென்னையில் இருந்து சிங்கப்பூர், டுபாய் போன்ற இடங்களுக்குப் பறப்பதால் அந்தப் பக்கம் போவோருக்கு இது கைகூடலாம். பலாலி–சென்னைக்கு ஒன்று, சென்னை–லண்டனுக்கு வேறொன்று என்று தனித்தனியாக எடுத்தால், இரண்டு நிறுவனங்களுக்கும் நீங்கள் இரண்டு வேறு பயணிகள். பெட்டி சென்னையோடு நின்றுவிடும். அதை எடுக்க வேண்டுமானால் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர இந்திய விசா வேண்டும்.

பலர் திணறுவது இந்த விசாவில்தான். அடுத்த விமானம் 24 மணி நேரத்துக்குள் உறுதியான டிக்கெட்டோடு இருந்து, விமான நிலைய ட்ரான்சிட் பகுதியை விட்டு வெளியே வராமல் இருந்தால் இந்திய விசா தேவையில்லை என்பது பொது விதி. தனித்தனி டிக்கெட்டும் பெட்டியுமாக வருபவருக்கு அந்த விதி உதவாது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இணையத்தில் இ-விசா எடுக்கலாம். சென்னை, திருச்சி இரண்டு விமான நிலையங்களிலும் அது செல்லும். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 30 நாள் சுற்றுலா இ-விசாவில் இரண்டு முறை உள்ளே போகலாம். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் போகும் அம்மா மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவார். அப்போது அந்த விசா காலாவதியாகியிருக்கும். போகவர இரண்டு தரமும் சென்னையில் வெளியே வரவேண்டி இருந்தால் ஓராண்டு விசாவாகவே எடுப்பதுதான் புத்தி. கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வருபவர்களுக்கும் இந்திய விசா வேண்டும். "நான் யாழ்ப்பாணத்து ஆள், ஊருக்குத்தான் போகிறேன்" என்று சொல்வதெல்லாம் குடிவரவு மேசையில் எடுபடாது. விசாவுக்குக் கட்டும் பணத்தையும், சிறிய விமானத்தில் பெட்டி நிறை கூடியதற்குக் கட்டும் பணத்தையும் அறை வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் பலாலி வழி மலிவா, கட்டுநாயக்க வழி மலிவா என்று சொல்ல முடியும்.

சரி, விசா இருக்கிறது, வெளியே வந்தாயிற்று. சென்னை விமான நிலைய வாசலைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. அதன் மறுபக்கம் திரிசூலம் ரயில் நிலையம். தெற்கே அடுத்த நிலையம் பல்லாவரம், அதற்கும் அடுத்தது குரோம்பேட்டை. வடக்கே மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. சாலையோரமாகவும் உள்தெருக்களிலும் லொட்ஜுகளும் சிறிய ஹோட்டல்களும் நிறைய உண்டு. இந்திய ரூபாய் இரண்டாயிரம் அளவில் குளிரூட்டிய அறை தேடிப் பிடிக்கலாம். எழும்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அங்கே போக மெட்ரோ உண்டு. ஆனால் மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்று விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் மீண்டும் ஓடும். அதிகாலை விமானத்துக்குத் திரும்பிவர வாடகைக் காருக்குக் கொடுக்கும் காசு, அறையில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். ஓர் இரவுத் தங்கலுக்கு விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளே கணக்குக்கு ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம்.

அறை காலியாக இருப்பதாலேயே அது நமக்குக் கிடைத்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைத்தால், அந்த விபரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையம் மூலம் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது விடுதி நடத்துபவரின் கடமை. "சி ஃபாரம்" என்று லொட்ஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். அதற்குப் பதிவு செய்துகொள்ளாத சிறிய லொட்ஜுகள் பல. வரவேற்பு மேசையில் இருப்பவர் நம் தமிழைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு பேசுவார். கடவுச்சீட்டை விரித்துப் பார்த்ததும், "ஃபாரினர்ஸுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க" என்று திருப்பி நீட்டிவிடுவார். 1991க்குப் பிறகு பல ஆண்டுகள் ஈழத்தமிழர் என்பதாலேயே அறை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததால், இந்த மறுப்பு நம்மவர்களுக்கு அவமானமாகப் படுகிறது. இப்போது பெரும்பாலும் காரணம் அந்தப் படிவம்தான். இணையத்தில் காசு கட்டிய பிறகு வாசலில் இப்படி நிற்பதைவிட, முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் "இலங்கை பாஸ்போர்ட், சி ஃபாரம் போடுவீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிடுவது நல்லது. விமான நிலையத்துக்கு அருகே வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் விடுதிகளில் இந்தச் சிக்கல் குறைவு.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு லொட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. எந்த நேரம் உள்ளே போகிறோமோ, மறுநாள் அதே நேரம்வரை ஒரு நாள் வாடகை. வேறு பலவற்றில் மத்தியானம் 12 மணிக்குக் கணக்கு முடியும். விடியற்காலை நான்கு மணிக்கு லண்டன் விமானத்தில் வந்து இறங்குபவர் இரண்டாவது வகை விடுதிக்குப் போனால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு முழு நாள் வாடகை கட்டுவார். சில இடங்களில் முந்தைய நாளையும் சேர்த்துக் கேட்பார்கள். சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தரும் விடுதிகளும் இருக்கின்றன. குளித்து, நான்கு மணி நேரம் படுத்தெழும்ப அது போதும்.

விமான நிலையத்திலேயே கதிரையில் சாய்ந்துகொள்ளலாமா? இளம் ஆட்கள் என்றால் ஓர் இரவு சமாளிப்பார்கள். வயதானவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இந்திய விமான நிலையங்களில் ஒருமுறை வெளியே வந்தால் டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே போக முடியாது. டிக்கெட் இருந்தாலும் விமானத்துக்கு வெகுநேரம் முன்னதாகப் போனால் வாசலில் நிற்கும் காவல் படையினர் நிறுத்திவைக்கக்கூடும். சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்தவரை வருகை வாசல்வரைதான் தள்ளிவருவார்கள். அதற்குப் பிறகு, மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் அடுக்கிய இரண்டு பெட்டிகளோடு, நாரி நோகும் ஒரு தாய் அந்தக் கொதிப்பில் தனியே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அறைக்குக் கொடுக்கும் இரண்டாயிரம் ரூபாய் வீண் செலவல்ல.

திருச்சியைப் பலரும் யோசிப்பதில்லை. 2024 ஜனவரி 2ஆம் திகதி அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் வருகின்றன. மத்திய பஸ் நிலையம் விமான நிலையத்தில் இருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில்தான். அதைச் சுற்றி எல்லா விலைக்கும் லொட்ஜுகள், இரவு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ஊர் சிறியது, வாடகையும் குறைவு. அவுஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வருபவர்கள் சென்னையை விட்டு இதைப் பார்க்கலாம்.

கட்டுநாயக்க வழியாகவே போகிறவர்களுக்கு இரவு வேறு விதம். அதிகாலை விமானத்துக்கு முதல்நாளே போக வேண்டும். விமான நிலையத்தில் இருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் நீர்கொழும்பு. சுற்றுலாவை நம்பிய ஊர் என்பதால் சிறு விருந்தினர் விடுதிகள் ஏராளம். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதையும் வாடகையோடு பேசிக்கொள்ளலாம். கொழும்புக்குள் போய்த் திரும்புவதைவிட இதுவே சுகம். யாழ்ப்பாணத்தில் இருந்து புத்தளம் வீதியால் போகும் பஸ்களில் ஏறினால் நீர்கொழும்பிலேயே இறங்கலாம். எந்த வீதியால் போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் கொழும்பில் ஓர் இரவு தங்குவதே பயமாக இருந்த காலத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. விசாவுக்கும், வைத்தியத்துக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும் வந்தவர்கள் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுகளில் தங்குவார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் பொலிஸார் அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து, 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்குமாக அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று பஸ்ஸில் ஏற்றப்பட்ட தலைமுறைதான் இன்று பிள்ளைகளைப் பார்க்கப் பறக்கிறது. லொட்ஜ் என்றதும் அவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல.

காசு கொடுக்காமலே அறை கிடைக்கும் வழி ஒன்றும் உண்டு. கட்டுநாயக்கவில் இருந்து டுபாய், டோஹா வழியாகப் போகும்போது, அடுத்த விமானத்துக்கு நீண்ட நேரம் இருந்து, அதைவிடக் குறுகிய தொடர்பு அந்த நிறுவனத்திடமே இல்லாவிட்டால், ஹோட்டல் அறையைத் தாங்களே தரும் திட்டம் சில நிறுவனங்களிடம் இருக்கிறது. எமிரேட்ஸ் அதை "டுபாய் கனெக்ட்" என்கிறது. அறையோடு சாப்பாடு, போகவர வாகனம், தேவையானால் விசா எல்லாம் அதில் அடங்கும். டிக்கெட் ஒரே முன்பதிவாக இருக்க வேண்டும், பயணத்துக்கு முன்பே கேட்டுப் பதிய வேண்டும். போய் இறங்கிய பிறகு கேட்டால் கிடையாது. டிக்கெட் எடுத்துத்தரும் ஏஜென்டுகள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு; நாம்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூருக்கு இலங்கையர் விசா இல்லாமல் போகலாம் என்பதால் அங்கே வெளியே வந்து தங்குவதும் எளிது. சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே படுத்தெழும்ப இலவச ஓய்விடங்களும் இருக்கின்றன.

மழைக்காலத்துக்குத் தனி எச்சரிக்கை. 2023 டிசம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30ஆம் திகதி ஃபெங்கல் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. கார்த்திகை, மார்கழியில் தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்கள் நடுவில் ஒரு முழு நாள் விட்டுக்கொள்வது நல்லது. இந்திய விமான நிறுவனங்களுக்கு ஒரு விதி உண்டு: 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், பயணிக்கு ஹோட்டல் அறை தர வேண்டும். புயல் போன்ற காரணங்களில் இழப்பீடு கிடைக்காது. ஆனாலும் மேசையில் போய் அறை கேட்கக் கூச வேண்டாம்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. பலாலியில் இறங்குபவர்களுக்குப் பெரும்பாலான விடுதிகள் யாழ்ப்பாண நகரத்தில்தான் இருக்கின்றன. தெல்லிப்பழையிலும் மாவிட்டபுரத்திலும் மீளக் குடியேறிக் கட்டிய நல்ல வீடுகளில் ஓர் அறையாவது காலியாக நிற்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டு விடுதியாகப் பதிவு செய்ய வழி உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருவோர், கோயில் திருவிழாவுக்கு வருவோர், விமானத்துக்கு வருவோர் எல்லாருக்கும் அது உதவும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் இதை முன்னின்று ஊக்குவிக்க வேண்டும்.

கடைசியாக, வெளிநாட்டில் இருந்து அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நூறு பவுண் குறைவான டிக்கெட்டைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். இடையில் எத்தனை மணி நேரம், பெட்டியை எங்கே எடுக்க வேண்டும், விசா வேண்டுமா என்று பாருங்கள். அறையை நீங்களே பதிந்து, முழு வாடகையையும் கட்டி, கூட்டிப்போக ஆளையும் ஒழுங்கு செய்துவிடுங்கள். சென்னையில் இறங்கியதும் இலங்கைச் சிம் வேலை செய்யாமல் போகலாம். விமான நிலைய வைஃபைக்கே கைப்பேசிக்கு வரும் இரகசிய எண் வேண்டும். ஆகவே விடுதியின் பெயர், விலாசம், தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.