கேட்காமல் வரும் விலை

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் பழைய கட்டடங்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டை விற்கப்போவதாக யாரிடமும் சொல்லியிருக்கமாட்டோம். ஆனாலும், "பார்ட்டி தயார், இன்றே டோக்கன் தருகிறோம்" என்று புரோக்கர் போன் செய்வார். எனக்கும் அடிக்கடி வருகிறது. "எழுத்து மூலம் கொடுங்கள், வீட்டில் கலந்து சொல்கிறேன்" என்பதுதான் என் பதில். பாதிப்பேர் அதற்குப்பின் கூப்பிடுவதில்லை.

தேடி வருகிறவருக்கு ஒரு கணக்கு இருக்கும். கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகும் பேச்சு இருந்தால், நாளைய புது வீட்டை இன்றைய பழைய வீட்டு விலைக்குக் கேட்கிறார் என்று அர்த்தம். முதலில் சொசைட்டி செயலாளரை விசாரியுங்கள்.

அரசின் ரெடி ரெக்கனர் முத்திரைத் தீர்வைக்கான கணக்கு. அதையே சந்தை விலையென்று காட்டினால் ஏற்கவேண்டாம். உங்கள் கட்டடத்தில் அண்மையில் விற்ற வீட்டின் 'இண்டெக்ஸ் 2' நகலைப் பதிவுத்துறையிலிருந்து எடுத்தால், பதிவான தொகை தெரியும்.

டோக்கன் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. வீடு விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். சிறிய தொகையானாலும், கையெழுத்திட்ட ரசீதே பின்னால் வழக்குக்கு ஆதாரமாகலாம். பங்குச் சான்றிதழின் அசலையும் கொடுக்கக்கூடாது. பவர் ஆஃப் அட்டர்னியும் எழுதித் தரக்கூடாது.

பகலில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இவற்றை இன்றே சொல்லி வையுங்கள். புரோக்கர் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.