வர்ணம் பூசினால் படகு தயாராகிவிடுமா?

மழை ஓய்கிறது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் வண்டிகளிலும், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வழியே குமுளிக்குப் போகும் வண்டிகளிலும் இனி இடம் கிடைக்காது. மேகமலைக்குச் செல்பவர் தேயிலைத் தோட்டத்தையும் ஏரியையும் கரையிலிருந்து பார்த்து மகிழ்ந்து இறங்குவார். அந்த மலைக்காட்டை ஒட்டிக் கிடக்கும் தேக்கடிக்குப் போகிறவரோ படகில் ஏறாமல் வீடு திரும்பமாட்டார். பென்னி குயிக் 1895-ல் கட்டி முடித்த அணை தேக்கிய நீர்தான் அந்த ஏரி. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குச் சுரங்கத்தின் வழியே வந்து சேருவதும் அதே நீர்தான். நம் சோற்றுக்கும் அது. நம் பிள்ளைகளின் வேடிக்கைக்கும் அது!

ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு: பருவம் தொடங்குமுன் படகைத் தயார் செய்வது என்றால் என்ன?

2009 செப்டம்பர் 30. பூசை விடுமுறைக் கூட்டம். 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது, மாலை நேரத்தில் அந்த ஏரியில் கவிழ்ந்தது. படகிலிருந்தோர் 80-க்கு மேல். மாண்டவர் 45 பேர். அவர்களிலே தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. அது உளுத்துப்போன பழைய படகா? இல்லை! கண்ணாடி இழையால் செய்த புத்தம்புதுப் படகு; ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பளபளப்புக்கு ஒரு குறையும் இல்லை.

உடனே என்ன சொன்னார்கள்? கரையிலே விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாக ஓடினார்கள், அதனால் கவிழ்ந்தது என்றார்கள். இந்த வாதத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள், தோழர்களே! தேக்கடியில் படகு விடுவதே விலங்கைக் காட்டுவதற்குத்தானே? காசு வாங்கிக்கொண்டு, "யானையைக் காட்டுகிறேன் வா" என்று அழைத்துவிட்டு, யானை வந்ததும் எழுந்து பார்த்தது குற்றம் என்றால், அது என்ன நியாயம்? ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் 75 பேர் 4,500 கிலோ. நாலரை டன் சரக்கு; அதுவும் தானாக எழுந்து நடக்கிற சரக்கு! மூட்டையைக் கட்டிப் போடலாம், மனிதனைக் கட்டிப்போட முடியுமா? அந்தச் சரக்கு ஒரு பக்கம் போய் நின்றாலும் படகு நிமிர்ந்து வரவேண்டும். வராதென்றால், மேல்தட்டைத் திறந்துவிட்டது யார் குற்றம்?

பாரம் உயர உயரப் படகின் நிமிரும் வலு குறைகிறது. பரிசல்காரர், "எழுந்து நிற்காதே, உட்கார்" என்று அதட்டுவதில் அடங்கியிருக்கிற விஞ்ஞானம் அதுதான். அதை அளந்து பார்க்கப் பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை. எடை தெரிந்த மணல் மூட்டைகளைத் தட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, அளந்த தூரம் நகர்த்துவார்கள். உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்கும். அது எத்தனை அங்குலம் விலகுகிறது என்று குறித்துக் கணக்கிட்டால் படகின் குணம் தெரிந்துவிடும். கப்பல் கட்டுவோர் நெடுங்காலமாகச் செய்துவருகிற சோதனை இது. புதுப் படகுக்கு இது வேண்டும். மேலே ஒரு கூரையோ கூடுதல் நாற்காலியோ போட்டால் மறுபடியும் வேண்டும்.

மற்ற வேலைகளும் சாதாரணமானவை அல்ல. அணை நிரம்பியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தேக்கடி நீரில் நிற்கின்றன. ஆகவே படகைக் கரையேற்றி அடிப்புறம் முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பும் போதும், நீர் உள்ளே புக. மரப்படகாயின் பலகை இடுக்குகளைக் கலப்பத்து செய்ய வேண்டும். விசிறியின் தண்டு நுழைகிற துவாரம் கசிகிறதா, அடிவயிற்றில் தேங்கும் நீரை இறைக்கிற பம்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தேங்கிய நீர் சும்மா கிடப்பதில்லை. படகு சாய்கிற பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும்.

உயிர்காப்பு உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அலமாரியில் அடுக்கிவைத்த உடை யாரையும் காப்பாற்றாது. வார் அறுந்ததைத் தள்ளி, குழந்தை அளவில் போதிய எண்ணிக்கை சேர்த்து, படகு கட்டவிழ்க்கும் முன்பே மாட்டிவிட வேண்டும்.

இது கேரளத்தின்மீது மட்டும் விரல் நீட்டுகிற பேச்சு அல்ல. 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டிலே படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள் என்று செய்தி வந்தது. இடையில் சட்டத்துக்கு என்ன பஞ்சம்? 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2021-ல் பாராளுமன்றம் புதுச்சட்டம் செய்தது. பதிவு வேண்டும், சர்வே வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்கிறது அது. சான்றிதழ் அலுவலகப் பீரோவில் இருக்கிறது. பயணியோ படகுத்துறையில் நிற்கிறார்!

எனவே சர்க்கார்களை, இரு மாநிலத்தையும் சேர்த்தே, கேட்கிறோம். ஒவ்வொரு படகுத்துறையிலும் சீட்டு விற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், கட்டணப் பட்டியல் அளவுக்கே பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். எந்தப் படகு, எத்தனை பேர், மேல்தட்டில் எத்தனை பேர், கரையேற்றிச் சோதித்த தேதி எது, சாய்வுச் சோதனை நடந்த தேதி எது, கையெழுத்திட்ட அதிகாரி யார் என்று தமிழிலும் மலையாளத்திலும் அதில் இருக்கட்டும். பூசை விடுமுறைக்கு முந்திய வாரமே அதைச் செய்துவிடலாம்.