திருகாணியை நேராகப் பிடிக்கும் சிறு தண்டு

இக்காலத்து வீடுகளிலே, அலுமாரியின் மேற்றட்டிலாவது கட்டிலின் கீழாவது மின்துறப்பணம் ஒன்று இருக்கவே செய்கிறது. துளையிடுவதற்கென்று வாங்கப்பட்ட அக்கருவி, இன்று திருகாணி முறுக்குவதற்கே பெரிதும் எடுக்கப்படுகின்றது. பல்லாயிரம் ரூபா கொடுத்துப் பொறியை வாங்குவோர், அதன் வாயிலே பொருத்தப்படும் ஒரு விரல் நீளத் தண்டைப் பற்றி மட்டும் சிந்திப்பதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றனர். கடைகளில் 'பிட் ஹோல்டர்' எனப்படும் அத்தண்டை இங்கு முனைதாங்கி என்போம்.

கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துறப்பணத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனத்தார் 1917இல் உரிமைப்பத்திரம் பெற்றனர். ஆயினும், அக்காலத்துத் திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடே வெட்டப்பட்டிருந்தது. விரைவாகச் சுழலும் முனை அக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் வழுக்கி மரத்தையும் கையையும் பதம் பார்த்துவிடும். 1936இல் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் உரிமைப்பத்திரம் பெற்ற சிலுவைக்குழித் திருகாணி, முனையைத் தானே நடுவில் நிறுத்திக்கொண்டது. பொறிக்கு ஏற்ற திருகாணி அதன் பின்னரே பரவலாயிற்று. அவ்வாண்டிலேயே கடிலாக் மோட்டார் வண்டிகளில் அது புகுந்தது.

முனைதாங்கியின் அடித்தண்டு அறுகோணமானது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே கால் அங்குலம், அஃதாவது 6.35 மில்லிமீற்றர். துறப்பணத்தின் வாயிலுள்ள மூன்று தாடைகளும் அறுகோணத்தின் மூன்று பக்கங்களில் சரியாகப் படிவதால், உருளைத் தண்டைப் போல இது வழுக்குவதில்லை. மறுமுனையில் உள்ள குழியினுள் 25 மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு முனைகளைச் செருகலாம். குழியின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அது முனையையும், முனையின் வழியாகத் திருகாணியையும் பற்றிக்கொள்கிறது. ஒரு கையால் கதவைத் தாங்கி மறுகையால் பொறியைப் பிடிப்பவனுக்கு மூன்றாவது கை கிடைத்தது போலாகும்.

எனினும், நமது வாவிக்கரையிலே இந்தக் காந்தத்தின் பெருமை பாதியாகக் குறைந்துவிடுகின்றது. கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் உப்புக்காற்று சாதாரண இரும்பாணியை அதிக நாள் விட்டுவைப்பதில்லை. ஆகையால் யன்னற் பிணைச்சலுக்கும் தோணி வேலைக்கும் பித்தளையையோ துருப்பிடியா உருக்கையோ நாடுகிறோம். பித்தளையைக் காந்தம் தீண்டாது. துருப்பிடியா உருக்குத் திருகாணிகளுள்ளும் பெரும்பாலானவற்றை அது பற்றுவதில்லை, பற்றினாலும் மெலிதாகவே பற்றும். "சேர், இந்தக் காந்தம் கொழும்புக்குச் சரி, எங்கட கடற்கரைக்குச் சரிவராது" என்று ஆரையம்பதித் தச்சர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு.

அவருடைய கையில் இருந்தது முன்னும் பின்னும் வழுகும் உறையுடன் கூடிய முனைதாங்கி. உறையை முன்னே இழுத்துத் திருகாணியின் மேல் போர்த்திவிட்டால், எந்த உலோகமாயினும் ஆணி சாயாது நிற்கும். உறை தனியே சுழலுமாதலால், அதை விரல்களாற் பிடித்திருந்தாலும் காயம் உண்டாகாது. கரையோரத்தில் வாழ்வோர் ஒரேயொரு முனைதாங்கிதான் வாங்குவதாயின் இதையே வாங்குதல் வேண்டும் என்பது என் துணிபு. வளையத்தைப் பின்னிழுத்து முனையைப் பூட்டும் வகையும் உண்டு. அதற்குக் காடி வெட்டிய 50 மில்லிமீற்றர் முனைகள் தேவைப்படும். ஆழத்திற் புகுவதற்கென நீண்ட தண்டுகளும் விற்கப்படுகின்றன. நீளம் கூடினால் ஆட்டமும் கூடும்.

கூரை வேலைக்கோ வேறொரு தாங்கி வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட பெரியோர்கள், காற்று கூரையைப் பிடுங்கும் ஓசையை இன்னும் மறக்கவில்லை. இன்று தகட்டுக் கூரைகளை இரும்புச் சட்டத்தோடு பிணைப்பவை, இறப்பர் வளையம் கோத்த அறுகோணத் தலைத் திருகாணிகள். அவற்றின் தலை பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் அகலம் உடையது. அதைக் கவ்வும் காந்தக்குழித் தாங்கியைக் கடைகளிற் பெறலாம். இங்கே காந்தம் நன்றாகவே உதவும். ஆனால் ஆணி சாய்ந்து இறங்கினால் இறப்பர் ஒருபுறம் மட்டுமே படியும். அளவுக்கு மீறி முறுக்கினால் பிதுங்கிக் கிழியும். இரண்டிலும் மாரிமழை உள்ளே வரும். முறுக்கம் குறைந்தாலோ தகடு காற்றில் அடித்து அடித்து ஆணியைத் தளர்த்திவிடும். வளையம் தட்டையாகப் படிந்து சற்றே உப்பும் அளவில் நிறுத்துவதே முறை.

முனையைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். சிலுவைக்குழி எல்லாம் ஒன்றல்ல. தலையிலே சிலுவையின் கைகளுக்கிடையே நான்கு மெல்லிய கோடுகள் தென்பட்டால் அது 'பொசிடிறைவ்' வகை. பிலிப்ஸ் முனையை அதிற் செலுத்தினால் குழி மழுங்கிவிடும். வீட்டுத் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் இலக்க முனை பொருந்தும். சம்மட்டிக் குறியிலிருந்து பொறியை விலக்கி, குறைந்த வேகத்தில், ஆணியின் நேர்க்கோட்டிலே நன்கு அழுத்திப் பிடித்து முறுக்குக. பிலிப்ஸ் குழியின் சரிந்த சுவர் முனையை மேலே தள்ளும் இயல்புடையது. அழுத்தம் குறைந்த கணத்திலேயே அது துள்ளும். பொறியின் கழுத்திலுள்ள இலக்க வளையத்தைச் சிறிய எண்ணில் வைத்துத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.

முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் முதலில் சிறு துளை இட்டே தீரவேண்டும். பித்தளை மென்மையானது, இடைவழியிலே தலை முறிந்தால் பின்னர் எடுக்க வழியில்லை. ஆகவே, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முன்னதாக முறுக்கிக் கழற்றி வழி செய்துவிட்டுப் பித்தளையைக் கையாலேயே இறுக்குவர் அனுபவசாலிகள்.

தகடு துளைத்த பின்னர்க் காந்தக்குழியினுள் இரும்புத்தூள் சேரும். அது நிறைந்தால் முனை அடிவரை இறங்காமல் தள்ளாடும். பிசைந்த கோதுமை மா உருண்டை ஒன்றைக் குழியில் அழுத்தி எடுத்தால் தூள் அதனோடு வந்துவிடும். அதன்பின் உலர்ந்த துணியாற் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுக. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் அது பிசினாக இறுகி உறையை அசையாதவாறு பிடித்துவிடும்.