தொங்கும் தூணும் அடுக்குத் தூணும்

தருமபுரி கோட்டைக் கோயிலில் மல்லிகார்ஜுனேஸ்வரரைக் கும்பிட்டவர்கள் அப்படியே திரும்பிவிடுவதில்லை. மண்டபத்துத் தூண் ஒன்றின் அடியில் துணியையோ தாளையோ நுழைத்து, மறுபக்கம் உருவிப் பார்க்கிறார்கள். தூண் தரையைத் தொடவில்லை! நுளம்பர் காலத்துக் கோயில் இது. கூரையின் பாரத்தை அக்கம்பக்கத்துத் தூண்கள் வாங்கிக்கொள்ள, இது மேற்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தண்டு ஒரே கல் என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலில் இது நடக்காது. கி.மு. 447-இல் கட்டத் தொடங்கிய அதன் தூண்கள் சுமார் 10 மீட்டர் உயரம். பளிங்கு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மையம் பிசகாமலிருக்க நடுவே மரமுளை வைத்தார்கள். நெடுகிலும் ஓடும் பள்ளக்கோடுகளைத் தூண் நின்ற பிறகே செதுக்கினார்கள். பார்வைக்கு விறைப்பாகத் தெரியாதபடி நடுவில் லேசான உப்பலும் உண்டு.

இது டோரிக் பாணி. பீடம் கிடையாது, தலையில் வட்டத் திண்டு, அதன்மேல் ஒரு சதுரப் பலகை, அவ்வளவுதான். அயோனிக் தூணுக்குப் பீடம் உண்டு, தலையின் இருபுறமும் சுருள். கொரிந்தியன் தூணின் தலையைச் சுற்றி அகாந்தஸ் இலைகள். பிச்சாவரம் கழிமுகத்தில் வளரும் கழுதைமுள்ளி அந்தச் செடியின் நெருங்கிய உறவு.

நம் ஸ்தபதிகளும் குடம், இதழ், பலகை என்று அடுக்கி, அதன்மேல் போதிகையை வைத்தார்கள். போதிகை இருபுறமும் நீண்டு விட்டத்தைத் தாங்குவதால், தாங்கலில்லாத இடைவெளி குறைகிறது. இந்த ஒரு விஷயத்தில் டோரிக் தலையைவிட நம்முடையதே கெட்டிக்காரத்தனம் என்பேன்.

கிரேக்கத் தூண் ரோமுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு இங்கே வந்தது. 1792-இல் தருமபுரி அடங்கிய பாராமகால் திப்புவிடமிருந்து அவர்கள் கைக்குப் போனது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணமும் விழுந்தது. அந்த வெற்றியின் நினைவாக, வானியலாளர் ஜான் கோல்டிங்காம் சென்னையில் கிரேக்கக் கோயில் சாயலில் எழுப்பிய விருந்து மண்டபம் 1802-இல் திறக்கப்பட்டது. இன்றைய ராஜாஜி மண்டபம் அதுதான்.

எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் (1821) முகப்பில் அயோனிக், உள்ளே கொரிந்தியன். பளிங்குக்கு எங்கே போவது? அன்றைய சென்னைக் கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் கலந்து பூசி, பளபளப்பு ஏறும்வரை தேய்த்தார்கள். இன்றைய கல்யாண மண்டப முகப்புகளில் சுருளையும் இலையையும் அச்சில் வார்த்து ஒட்டிவிடுகிறார்கள். பாரம் முழுக்க உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு.