ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிடுகிறார். பிள்ளையின் மதிப்பெண், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் எப்படியோ அவரிடம் இருக்கும். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க, அட்வான்ஸ் கட்டுங்க, சீட்டு நிச்சயம்" என்பார். கல்லூரிப் படி ஏறியவர் யாரும் இல்லாத வீட்டில் அவரை மறுத்துப் பேச ஆள் ஏது?

அங்கே பறிபோவது அட்வான்ஸ் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தொழிற்படிப்புகளில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் இரண்டும் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். ஏஜென்ட் காட்டும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த அன்றே இரண்டும் போச்சு. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் பிழைப்பு என்ன ஆவது?

சான்றிதழ் கல்லூரியிடம் இருந்தால் பயப்பட வேண்டாம். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. மாணவர் விலகினால், எப்போது விலகுகிறார் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மானியக் குழுவின் 2023 விதிகளின்படி அந்தக் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அடுத்த படி, பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர். ஏஜென்ட் கையில் சிக்கிய சான்றிதழுக்கு இந்த வழி உதவாது, போலீஸ் நிலையம்தான்.

ஊர் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. பரிசளிப்பு விழாவும் தன்னம்பிக்கைப் பேச்சும் நல்லவைதான். ஆனால் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத் தேதி தவறிப்போனால் அவை எதற்கு? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது வருவாய்த் துறையின் பல மேசைகளைத் தாண்டி வர வேண்டும். பொதுத்தேர்வு முடிந்ததும் முன்னாள் மாணவர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலையை முடித்துக் கொடுத்தாலே பாதிக் கவலை தீரும். பள்ளி மேலாண்மைக் குழுவே இதை முன்னின்று நடத்தலாம். பொறியியல் விண்ணப்பத்துக்கு உதவ எல்லா மாவட்டங்களிலும் அரசின் சேவை மையங்கள் இருக்கின்றன.

முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைக்கிறது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் எங்கும் சேராமல் விடுபட்டவர்களைத் தேடி அழைக்கின்றன. பிளஸ் டூவில் தவறியவர்களும் இதில் அடக்கம். அவர்கள் அதே கோடையில் துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேர முடியும். வழிகாட்டலுக்கு 14417-ஐயும், மனம் உடைந்திருந்தால் 104-ஐயும் அழைக்கலாம்.

சேர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தேவை. அப்பா கணக்கு செல்லாது.